எம்.எஸ். நோயும் அறிவாற்றல் பரிசோதனையும்: என் அனுபவம்

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நினைவு, கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பாதிக்கப்படுகிறது என்றாலும், கால் மரத்துப்போகிறதா, பார்வை மங்குகிறதா என்று விசாரிக்கும் அளவுக்கு மருத்துவர்கள் இதை விசாரிப்பதில்லை. நாமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு, கூட்டத்தில் பேசப்படுவது பாதியில் நழுவிப்போவதும், சரிபார்த்த வவுச்சரையே மறுபடி சரிபார்ப்பதும் வழக்கமாகிவிட்டபோது என் நரம்பியல் மருத்துவரிடம் சொன்னேன். “எம்.ஆர்.ஐ.யில் புதிதாக எதுவும் இல்லையேம்மா” என்றவர், விவரம் கேட்டபின் மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார்.

நேரம் குறிக்கும்போதே காலை வேளையைக் கேட்டு வாங்கினேன். உடல் சூடு சற்று ஏறினாலே எம்.எஸ். அறிகுறிகள் தலைதூக்கும் என்பதால், கோடை வெயிலில் ஆட்டோவில் போய் இறங்கி எழுதும் தேர்வு என் மூளையைவிட அன்றைய வெயிலையே அதிகம் அளந்திருக்கும். தசை இறுக்கத்துக்கு நான் சாப்பிடும் பேக்லோஃபென் தூக்கக் கலக்கம் தரக்கூடியது என்பதால், அதன் அளவையும் வேளையையும் உளவியலாளர் முதலில் குறித்துக்கொண்டார். மனச்சோர்வும் கவனத்தைக் குலைக்கும் என்பதால் அதற்கும் ஒரு வினாத்தாள் இருந்தது. அதில் தைரியசாலியாகக் காட்டிக்கொள்வதில் நமக்கு எந்த லாபமும் இல்லை.

முதலில் வந்தது குறியீடுகளும் எண்களும். தாளின் தலைப்பில் 9 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே வரிசை வரிசையாகக் குறியீடுகள் மட்டும். 90 விநாடிகளுக்குள் முடிந்தவரை அவற்றுக்குரிய எண்களைச் சொல்ல வேண்டும். என் வலது கை விரல்கள் சரிவர ஒத்துழைக்காததால், எழுதச் சொல்லாமல் வாயால் சொல்லவைத்தார். எழுதவைத்திருந்தால் கையின் பலவீனம் மூளையின் கணக்கில் ஏறியிருக்கும்.

என்னைத் திணறடித்தது ‘பாசட்’ என்னும் கூட்டல் தேர்வுதான். தலையில் அடிபட்டவர்களைச் சோதிப்பதற்காக 1970-களில் நியூசிலாந்தில் டோரத்தி க்ரோன்வால் பயன்படுத்தத் தொடங்கியது இது. 3 விநாடிக்கு ஒன்றாக ஒலிப்பதிவில் எண்கள் வரும். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்ட வேண்டும். 3, 8 என்றால் 11. அடுத்து 5 வந்தால் 13. ஆனால் நாக்கு 16 என்று சொல்லவே துடிக்கும், ஏனென்றால் கடைசியாகக் காதில் விழுந்தது நம் சொந்த விடையான 11. ஓரிடத்தில் தடுக்கினால் அடுத்த இரண்டு மூன்று எண்களும் கைவிட்டுப் போகும். பேரேட்டுப் பக்கங்களை மனத்துக்குள்ளேயே கூட்டிப் பழகிய எனக்கு அது அவமானமாகவே இருந்தது. “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுத் தொடரலாமா மேடம்?” என்று உளவியலாளர் கேட்டதும் உடனே தலையாட்டினேன்.

நான் அஞ்சியபடி நடக்காத தேர்வு, 15 சொற்களைத் தமிழில் ஐந்து முறை வாசித்து ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொன்னது. முதல் முறை சில சொற்களே தேறின. ஐந்தாம் முறையில் பெரும்பாலானவை வந்தன. நடுவில் வேறு வேலைகள் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் அவை அப்படியே இருந்தன. அறிக்கையின் சாரமும் அதுதான்: உள்ளே போனது அழிவதில்லை, உள்ளே போவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. மறதி என்று வீட்டில் எல்லோரும் பெயர் வைத்திருந்தது உண்மையில் வேகக் குறைவு.

சிந்தனை வேகத்தில்கூட என் மதிப்பெண் ‘சராசரியின் கீழ் எல்லை’ என்றுதான் இருந்தது. நோய் வருவதற்கு முன் நான் எங்கே இருந்தேன் என்பதற்குப் பதிவு இல்லாதபோது, ‘சராசரி’ என்பதைப் பாதிப்பின்மை என்று படிக்கக் கூடாது என உளவியலாளர் விளக்கினார். எம்.எஸ். என்று தெரிந்த உடனேயே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று என்றாலும், நான் சட்டம் பேசாமல் அறிக்கையை மட்டும் மேலாளரிடம் காட்டினேன். வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளை இப்போது மின்னஞ்சலிலும் அனுப்புகிறார்கள். வங்கிக் கணக்கு ஒப்பீட்டை மதியத்துக்குத் தள்ளாமல் காலையிலேயே முடிக்கிறேன். பழக்கத்தால் மதிப்பெண் கூடிவிடாதபடி வேறு சொற்பட்டியலைக் கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் சோதிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதித் தந்திருக்கிறார்கள்.