மைக்ரோஸ்கோப் அறைக் குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்
பெங்களூரு. இன்று லைட்ஷீட் மைக்ரோஸ்கோப்பில் ஜீப்ரா மீன் கரு. கருவுற்று ஒரு நாள்தான் ஆகிறது, அதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிட்டது. உடம்பு ஒளி ஊடுருவும்படி இருப்பதால் வெட்டாமல், கொல்லாமல் உள்ளே பார்க்கலாம். அகரோஸை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி போன்ற பொருள்) உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கருவை அதில் விட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி, இறுகியதும் நுனியை மட்டும் வெளியே தள்ளி நீர்த்தொட்டியில் இறக்க வேண்டும். சூடு கூடினால் கரு பிழைக்காது. கன்ஃபோகல் என்ற வழக்கமான லேசர் மைக்ரோஸ்கோப்பில் லேசர் கருவின் முழு ஆழத்தையும் துளைத்துப் போவதால் ஒளிர்வு சீக்கிரம் மங்கிவிடும். இதிலோ பார்க்கிற தளத்துக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து ஒளி. 2004இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உள்ள ஈஎம்பிஎல் என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் குழு இதை வெளியிட்டது. இரவு முழுக்கப் படம் எடுத்தாலும் கரு வளர்ந்துகொண்டே இருக்கும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மார்ச் 5, புதன்
மதுரைப் பக்கத்து பிஎச்டி மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பேராசிரியர் ஆகாம மைக்ரோஸ்கோப் ஓட்டுறதையே வேலையா வச்சுக்க முடியுமா?" முடியும், நான் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கோடிகள் கொடுத்துக் கருவி வாங்கும் பல இடங்களில் அதை ஓட்டும் ஆளுக்கு ஒப்பந்த வேலைதான், ஆய்வுக் கட்டுரையில் கடைசியில் நன்றி என்று ஒரு வரிதான். இது மாறியே ஆக வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி
இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் எரிக் பெட்ஸிக் கதையைச் சொல்வார்கள். பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வகத்தை விட்டு விலகி, அப்பாவின் இயந்திரக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 2005இல் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் கட்டி, 2014இல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். நல்ல கதைதான். ஆனால் டக்ளஸ் பிரஷரையும் சொல்ல வேண்டும். நாம் தினமும் பயன்படுத்தும் பச்சை ஒளிர்புரதம் ஜிஎஃப்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் அவர். அடுத்த நிதி கிடைக்கவில்லை, மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்தார். 2008இல் அவர்களுக்கும் ஒசாமு ஷிமோமுராவுக்கும் நோபல் அறிவித்தபோது, அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். திறமை குறைவால் அல்ல, பிடித்துக்கொள்ள ஒரு நிலையான வேலை இல்லாததால்.

மார்ச் 10, திங்கள்
அந்த மாணவியிடம் இரண்டு கதைகளையும் சொன்னேன். அப்புறமும் வருகிறேன் என்கிறாள். சரி, அப்படியானால் உயிரியல் மட்டும் போதாது. ஒளியியல் வேண்டும், படங்களை அலசும் ஃபிஜி மென்பொருள் வேண்டும், பைத்தான் நிரல்மொழி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் லைட்ஷீட்டில் ஒரே இரவில் டெராபைட் கணக்கில் படங்கள் குவியும், அதைக் கையால் எண்ணி முடிக்க முடியாது. முக்கியமாக, அடுத்தவருடைய கேள்வியைத் தன் கேள்வியாக நினைத்து மெனக்கெடத் தெரிய வேண்டும். வியாழக்கிழமை 488 நானோமீட்டர் நீல லேசரின் ஒளிப்பாதையை நேர்படுத்தக் கற்றுத்தரப் போகிறேன். நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.