மிச்சம் எத்தனை பேர்: எங்கள் வளவில் ‘பேட்டில் ராயல்’

‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியப் படத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை தடையில்லாமல் பார்க்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2003-இல் நான் காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, மலேசியாவிலிருந்து ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில், கைலிகளுக்கும் தைலப் புட்டிகளுக்கும் நடுவே, இரண்டு விசிடிகளாக அது வந்து சேர்ந்தது. அட்டை கிடையாது, மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் டிஸ்க் ஒழுங்காக ஓடும். இரண்டாவது, கலங்கரை விளக்கத்துக்குள் ஆறு மாணவிகள் சமைத்துச் சாப்பிட உட்காரும் காட்சிக்கு வந்ததும் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும். வேட்டித் துணியால் துடைத்தோம், வேறு வேறு ப்ளேயர்களில் போட்டுப் பார்த்தோம். அந்த இடத்தைத் தாண்டவே இல்லை. முன்னே தள்ளினால் அந்த மாணவிகள் இறந்து கிடப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது ஒன்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியாமலே இருந்தது.

படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஷுன் டகாமியின் 1999-ஆம் ஆண்டு நாவலைத் தழுவி கிஞ்சி ஃபுகாசாகு இயக்கிய இப்படம், 2000 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் வெளியானது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை அரசாங்கமே ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கி, கழுத்தில் வெடிக்கும் பட்டையை மாட்டி, மூன்று நாட்களுக்குள் ஒருவரையொருவர் கொன்று ஒரே ஒருவர் மட்டும் உயிரோடு மிஞ்ச வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அவர்களுடைய பழைய ஆசிரியராக வருபவர் டகேஷி கிட்டானோ. ஜப்பானில் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக்கூடாது என்று சான்றிதழ் தரப்பட்டது. நாடாளுமன்றத்திலேயே இப்படத்தைப் பற்றி விவாதம் நடந்தது.

அமெரிக்காவில் இப்படம் தடை செய்யப்பட்டிருந்தது என்று பலரும் இன்றுவரை நம்புகிறார்கள். அது தவறு. 1999-இல் அங்கே கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளைக் கொல்லும் படத்தைக் கையில் எடுக்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். உரிமை வைத்திருந்த ஜப்பானிய நிறுவனமும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2012 மார்ச் 20 அன்றுதான் ஆங்கர் பே நிறுவனம் டிவிடியாகவும் ப்ளூரேயாகவும் முறைப்படி வெளியிட்டது. அதற்கு மூன்றாம் நாள், இதே போலப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் ‘ஹங்கர் கேம்ஸ்’ திரைக்கு வந்தது. எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் அந்தச் சண்டையால்தான் நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகனுக்கு இப்படி ஒரு டிஸ்க் வந்திருப்பதே தெரிந்தது. நான்கு டிஸ்க் அடங்கிய பெட்டியை அண்ணன் எனக்காகவே வாங்கி வைத்திருந்தார்.

அந்த ஆண்டு ஆவணியில் பெரியப்பாவுக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டில் முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை ஆள் நடமாட்டம். விருந்து முடிந்த மறுநாள் இரவு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் ஜமக்காளம் விரித்து டிவியைக் கொண்டுவந்து வைத்தோம். சென்னையில் வாங்கிய எங்கள் ப்ளேயர் டிஸ்க்கை ஏற்க மறுத்தது. இந்த டிஸ்க் தன் பகுதிக்குரிய ப்ளேயரில்தான் ஓடும்; ப்ளூரே கணக்கில் இந்தியா சி பகுதி, அமெரிக்கா ஏ பகுதி. அப்போது அத்தை மகன் எழுந்து உள்ளே போய், தன் வீட்டுக்கென்று சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த ப்ளேயரைப் பிரித்து எடுத்து வந்தார். சிங்கப்பூரும் ஏ பகுதிதான். கடல் கடந்து போன இரண்டு பேருடைய பெட்டிகளிலிருந்து டிஸ்க்கும் ப்ளேயரும் வந்துசேர்ந்தால்தான் எங்கள் ஊரில் ஒரு படம் ஓடும் என்பது, அதே போலக் கடல் கடந்து வந்த அந்த வீட்டின் தேக்குத் தூண்களைப் பார்த்தபோது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

படம் தொடங்குவதற்கு முன்பே முதல் எதிர்ப்பு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஆச்சி, கதையைக் கேட்டதும் தம் பேரனை எழுப்பி முகப்புக்குப் படுக்க அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. “பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கையில கத்தியைக் குடுத்து அதை வீட்டுக்குள்ள வச்சுப் பார்க்கணுமாப்பா?” என்று என்னிடம் கேட்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றிருந்தான். அவன் பார்த்த சினிமாவைப் பற்றியும் செய்திகளில் பேசப்பட்டது. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு மாணவன் பள்ளி வராந்தாவில் ஆசிரியரைக் கத்தியால் கீறிவிட்டு ஓடுகிறான். அந்தக் காட்சி வந்ததும் ஆச்சி எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வன்முறைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் இத்தகைய கேள்வியைக் கேட்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்தவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சித்தப்பாவின் கருத்து இதற்கு நேர் எதிரானது. “இதுக்கா இத்தனை வருசம் பயந்தாங்க? நம்ம படத்துல ஒரே ஆளு அருவாளை எடுத்துக்கிட்டு முப்பது பேரைச் சாய்க்கிறான், அதைக் குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கிறோம்” என்றார். இரத்தத்தின் அளவை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நம் படங்களில் சாயும் முப்பது பேருக்கும் பெயர் கிடையாது. இந்தப் படத்தில் ஒரு பிள்ளை இறந்தவுடன் திரையில் எழுத்து வருகிறது: மாணவனா மாணவியா, வருகைப்பதிவில் எத்தனையாவது எண், பெயர் என்ன, மிச்சம் எத்தனை பேர். ஒவ்வொரு முறையும் வருகிறது. யாரையும் கும்பலாகக் கொல்ல இயக்குநர் இடம் தரவில்லை. படத்தின் கொடுமை முழுவதும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது என்பது என் துணிபு. இரத்தத்தைக் கணக்கிட்டு இதைப் புகழ்பவர்களும் இகழ்பவர்களும் அந்த வரியைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அந்த எழுத்தை அன்று எங்களில் எல்லாரையும்விடக் கூர்ந்து கவனித்தவர் அப்பத்தா. தூணில் சாய்ந்து, பாதித் தூக்கத்தில் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

“அந்த எழுத்து என்னப்பா சொல்லுது? அடிக்கடி வருதே.”

“செத்தது யாரு, மிச்சம் எத்தனை பேருன்னு போடுறாங்க அப்பத்தா.”

“பேரும் போடுறாகளா?”

“பேரும் போடுறாங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “எங்க அண்ணனும் இப்படித்தான் எண்ணிக்கிட்டே வந்தாகளாம்” என்றார்கள். அப்பத்தாவின் அண்ணன் பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில், கடையும் தங்குமிடமுமாக இருந்த ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக (எடுபிடிச் சிறுவனாக) இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசியபோது அவருக்குப் பதினைந்து வயது. அடுத்த சில வாரங்களில் கிட்டங்கி ஆட்களோடு சேர்ந்து கால்நடையாகவே இந்தியாவுக்குப் புறப்பட்டார். காட்டு வழியில் ஒவ்வொரு பொழுது சாயும்போதும் ஆட்களை எண்ணுவதை அவரிடம் விட்டிருந்தார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகும், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணாமல் அவர் சோற்றில் கை வைக்க மாட்டாராம். இதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. படத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அப்பத்தா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். திரையரங்கில் இது நடந்திருக்காது.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஃபுகாசாகு 1930-இல் பிறந்தவர். 1945-இல் அவருடைய வகுப்பு முழுவதையும் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பீரங்கித் தாக்குதல் நடந்தபோது பிள்ளைகள் ஒருவர் உடலுக்கு அடியில் ஒருவராகப் புகுந்து தப்பப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் தங்கள் நண்பர்களின் உடல்களைப் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அப்போது அவருக்கும் பதினைந்து வயது. அன்றிலிருந்து பெரியவர்கள் மேல் தீராத கோபம் கொண்டவர், எழுபது வயதில் அந்தப் பதினைந்து வயதுக் கோபத்தோடு இந்தப் படத்தை எடுத்தார். “அங்கயும் பிள்ளைகளைத்தான் அனுப்பினாகளா?” என்று கேட்டுவிட்டு, அப்பத்தா மேற்கொண்டு ஓட்டச் சொன்னார்கள்.

கலங்கரை விளக்கக் காட்சி வந்தது. காயம்பட்டுப் படுத்திருக்கும் நாயகனுக்கென்று, அவன்மேல் பயம் கொண்ட மாணவி ஒருத்தி உணவில் விஷம் வைக்கிறாள். அதைத் தெரியாமல் இன்னொருத்தி விளையாட்டாக எடுத்துச் சாப்பிட்டுவிட்டு விழுகிறாள். ஒரு நொடி முன்புவரை தோழிகளாக இருந்தவர்கள் யார் வைத்தது என்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். துப்பாக்கி கைக்கு வருகிறது. விஷம் வைத்தவளைத் தவிர எல்லாரும் மடிகிறார்கள். அவள் கடைசியில் உச்சியிலிருந்து குதித்துவிடுகிறாள். ஒன்பது ஆண்டுகளாக என் டிஸ்க்கில் சிதறிப்போயிருந்த இடம் இதுதான். நடுவே அடுப்பும் தட்டுகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டாம் கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் அப்போது நின்றதை நான் கவனித்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஆச்சி நின்றுகொண்டிருந்தார்கள்.

படம் முடிந்த பிறகு இரண்டு வடிவங்களைப் பற்றி விவாதம் எழுந்தது. அந்தப் பெட்டியில் திரையரங்கில் ஓடிய 114 நிமிட வடிவமும், 2001-இல் எட்டு நிமிடம் சேர்த்து வெளியிட்ட நீண்ட வடிவமும் தனித்தனி டிஸ்க்குகளில் இருக்கின்றன. நாங்கள் பார்த்தது முதலாவது. அடுத்த நாள் இரண்டாவதையும் பார்த்துவிட்டு, அத்தை மகன் அதுதான் சிறந்தது என்று அடித்துச் சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் கூடைப்பந்து ஆடும் காட்சி அதில் அடிக்கடி வருகிறது. இரக்கமில்லாமல் கொல்லும் ஒரு மாணவியின் சிறுவயதுத் துயரமும் காட்டப்படுகிறது. அவற்றால்தான் பாத்திரங்கள் மனத்தில் நின்றார்கள் என்பது அவர் கட்சி. எனக்கு உடன்பாடில்லை. அந்த மாணவி ஏன் அப்படி ஆனாள் என்று காரணம் காட்டியவுடன் அவள் ஒரு வழக்குக் கோப்பாகச் சுருங்கிவிடுகிறாள். குறுகிய வடிவத்தில் அவள் முகமும் அவள் சொல்லும் ஓரிரு வார்த்தைகளும் மட்டுமே இருக்கும்போது எனக்கு அவளைப் பார்க்கவே நடுங்கியது. கணினியில் சேர்த்த கூடுதல் இரத்தமும் காட்சிகளின் எடையைக் குறைக்கத்தான் செய்கிறது. கூடைப்பந்துக் காட்சியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் உயிரோடு ஒரே இடத்தில் ஆரவாரம் செய்வதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த விவாதம் புதிதாகத் தோன்றலாம். நமக்குப் பழக்கமான போராட்டம் வெட்டுகளுக்கு எதிரானது. நாங்கள் இதைப் பார்த்ததற்கு முந்தைய ஆண்டுதான் ‘ஆரண்ய காண்டம்’ படத்துக்குத் தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டு, தயாரிப்பாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. அதனாலேயே நீளமான வடிவம் என்றால் அதுதான் முழுமையானது, நேர்மையானது என்று நம்மை அறியாமல் நம்பிவிடுகிறோம். இந்தப் படத்தைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் 114 நிமிட வடிவத்தைப் பாருங்கள் என்பதுதான். சப்டைட்டில் தெளிவாக இருக்கும் டிஸ்க்காகப் பாருங்கள். இறந்தவர்களின் பெயரும் மிச்சக் கணக்கும் வாசிக்க முடியாத பிரதியில் பார்ப்பது இந்தப் படத்தைப் பார்த்ததாகவே ஆகாது. நீண்ட வடிவத்தை ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்.

சாந்திக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். கடைசியாகப் புறப்பட்டவர் ஆச்சி. கிளம்பும் நாளில், அந்த டிஸ்க்கை ஒரு மாதம் தர முடியுமா, முதலிலிருந்து தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். மதுரையில் அவர்கள் வீட்டில் எந்த ப்ளேயரும் அதை ஓட்டாது என்பதால், அத்தை மகன் தம் ப்ளேயரையும் ஆச்சியிடமே விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்.

தீபாவளிக்கு முன் டிஸ்க் திரும்பி வந்தது. உள்ளே, கோடு போட்ட நோட்டுத் தாளில் கிழித்த துண்டு ஒன்றில், சிவப்பு மையில், ஆசிரியைக்கே உரிய உருண்டையான எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: “குட்டைப் படத்தையே பார்த்தேன். பையனுக்கு இன்னும் இரண்டு வருசம் போகட்டும். நான் பக்கத்தில் இருக்கும்போது போட்டுக் காட்டு.”