பள்ளிக்கூட மணி இல்லாத வீட்டில் ஜூன் மாதம்

ஜூன் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் திருவட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம் பக்கச் சாலைகளில் காலை வேளையில் குடைகளும் பள்ளி வாகனங்களும் பெருகிவிடுகின்றன. ஒன்பது வயது மகளுக்கு நாங்களே வீட்டில் பாடம் சொல்லித் தருவதால், விடுமுறை எந்த நாளில் முடிகிறது என்று எங்களுக்கு அறிவிக்க ஒருவரும் இல்லை. மாமிக்கு மட்டும் இதில் பொறுமை கிடையாது. “மக்களே, ஊருல உள்ள புள்ளைகளெல்லாம் போவத் தொடங்கியாச்சு, இவளுக்கு எப்பம் பாடம்?” என்று பள்ளி திறந்த அன்றைக்கே கேட்டுவிடுவார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும், பள்ளிக்கூடம் திறக்கிற அதே நாளில் வீட்டிலும் எல்லாப் பாடங்களையும் ஒருசேரத் தொடங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முதலில் நாளின் ஒழுங்கு திரும்ப வேண்டும். அதன்பின் பாடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால், மாதம் முடிவதற்குள் குழந்தை அழுகையும் அடமும் இல்லாமல் பழைய நடைக்கு வந்துவிடுகிறது.

இந்த நிதானத்துக்குப் பெரும்பாலான பெற்றோர் தயங்குவதற்குக் காரணம், கோடையில் எல்லாம் மறந்துபோயிருக்கும் என்ற அச்சம். மறப்பது உண்மைதான். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை நடந்திருந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், கோடை விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்கியிருப்பதாகவும், கணக்கு போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும் அந்தச் சரிவு மிகுதி என்றும் கூறினார்கள். அவர்களுடைய கோடை விடுமுறை நம்முடையதைவிட நீளமானது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஜெர்மானிய உளவியலாளரான எப்பிங்காஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தும் மறந்தும் மீண்டும் கற்றும் பார்த்து, முதல் முறை கற்க ஆன நேரத்தைவிட இரண்டாம் முறைக்குக் குறைவாகவே ஆகிறது என்று 1885-லேயே எழுதிவைத்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜூன் மாதத்தில் செய்ய வேண்டியது ஓரளவு தெளிவாகிறது: கணக்கையும் எழுத்துப் பிழையையும் சிறு அளவில் நாள்தோறும் தொட வேண்டும், மற்றவை காத்திருக்கலாம், மறந்ததை அளந்து பார்க்கும் தேர்வு எதையும் முதல் நாட்களில் வைக்கக் கூடாது. மேலோட்டமாக மறந்தது தேர்வில் பெரிய குறையாகத் தெரியும். ஆனால் சில நாள் பயிற்சியில் அது தானாகவே திரும்பிவிடுவதால், அந்தத் தேர்வு குழந்தையைச் சோர்வடையச் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதில்லை.

நாளின் ஒழுங்கு என்று நான் சொல்வதில் பெரும்பகுதி உறக்கம்தான். கோடையில் கோயில் கொடையும் உறவுக்காரப் பிள்ளைகளின் வருகையுமாக இரவு நீண்டுகொண்டே போயிருக்கும்; காலையில் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகே கண் திறக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஆகவே எழும் நேரத்தை மட்டும் முன்னே இழுத்தால் குழந்தை பாதி உறக்கத்தோடுதான் பாயில் அமர்ந்திருக்கும். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் சேர்த்தே, சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் முன்னே நகர்த்துகிறோம். மே மாதக் கடைசி வாரத்திலேயே இதைத் தொடங்கிவிட்டால் ஜூனில் வேலை பாதியாகக் குறைகிறது. தென்மேற்குப் பருவமழையும் இதற்கு உதவுகிறது. மழை பிடித்தால் பிள்ளைகள் மாலையில் சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். காற்றடித்து மின்சாரம் போய்விட்டால் தொலைக்காட்சியும் அடங்கிவிடுகிறது.

முதலில் திரும்பும் பாடம் வாசிப்பு. காலைக் காப்பிக்குப் பிறகு நான் ஒரு கதையை உரக்க வாசிக்கிறேன், மகள் கேட்கிறாள், அடுத்த பக்கத்தை அவள் வாசிக்க, நான் கேட்கிறேன். இதில் கேள்வி பதில் ஏதும் இல்லை. இது நிலைபெற்ற பிறகு கணக்கு வருகிறது, அதுவும் இருபது நிமிடத்துக்கு மேற்படாமல். சென்ற ஆண்டில் அவள் தடையின்றிச் செய்துவந்த கணக்குகளையே முதலில் கொடுக்கிறோம். வாய்ப்பாட்டைச் சேர்ந்து சொல்கிறோம். மூன்று நான்கு வரிகள் சொல்லக் கேட்டு எழுதச் செய்கிறோம். மழை நாட்களில் ரப்பர் விளையில் பால்வெட்டு நடக்காது என்பதால் கணவர் வீட்டில் இருப்பார். கணக்கு அவர் பொறுப்பு. என்னிடம் அடம்பிடிக்கிற பிள்ளை அவரிடம் அடங்கிவிடுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இருவரில் யார் எதைச் சொல்லித்தந்தால் எளிதாக நடக்கிறதோ அப்படியே பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

சமூக அறிவியலுக்கும் அறிவியலுக்கும் ஜூன் மாதத்தில் நான் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, ஏனென்றால் நம் மாவட்டத்தில் அந்த மாதமே ஒரு பாடமாக இருக்கிறது. மீன் விலையை எடுத்துக்கொள்ளுங்கள்; அது ஏறுவதற்கு மீன்பிடித் தடையும் ஒரு காரணம். கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடலையும் தொட்டுக்கொண்டிருப்பதால் இரண்டு தடைகளும் குமரி மாவட்டத்துக்கு உண்டு: சின்னமுட்டத்து விசைப்படகுகள் முதல் கணக்கில் வருகின்றன, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களின் படகுகள் இரண்டாவது கணக்கில் வருகின்றன. நாட்காட்டியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு தடையும் எத்தனை நாள் என்று மகளை எண்ணச் சொன்னோம். இரண்டும் 61 நாட்கள் என்று அவளே கண்டுபிடித்தபோது, அப்படியானால் இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு தடையாவது நடப்பில் இருக்கும் நாட்கள் மொத்தம் எத்தனை என்று அவள் அப்பா கேட்டார். உடனே 122 என்றாள். ஜூன் முதல் 14 நாட்கள் இரண்டு கணக்கிலும் வருவதை விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் 108 என்ற விடை வந்தது. கூட்டல், கழித்தல், மாதங்களின் நாட்கள், ஒரே நாளை இருமுறை எண்ணிவிடும் தடுமாற்றம் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டன. அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் எப்படிக் கடலுக்குப் போகிறார்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் இழுவலைக்கு ஏன் தடை என்று பேச்சு அடுத்து நீண்டது. அன்றைக்கு அவள் தன்னை யாரும் பாடத்தில் உட்காரவைத்ததாகவே நினைக்கவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் மாதத்தில் பேச்சிப்பாறை அணை திறக்கப்படுகிறது. சில நாட்களில் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் வருகிறது. அணையிலிருந்து வயல் வரையிலான வழியை மகள் ஒரு தாளில் வரைந்தாள். எங்களுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கத்தில் இருப்பது வசதி. 1966-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் மேல் நின்று, ஒரு நீரோட்டம் காலடியில் தொட்டிக்குள்ளும், பறளியாறு 115 அடி கீழேயும் ஓடுவதைப் பார்த்தால், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோக ஏன் இத்தனை தூண்கள் தேவைப்பட்டன என்று குழந்தை தானே கேட்கும். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே முழு விடை சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். மட்டம், சரிவு, அழுத்தம் ஆகிய பாடங்கள் பின்னர் வரும்போது பாலம் நினைவுக்கு வரும்.

விடுமுறையில் செய்தவற்றைக் கட்டுரையாக எழுதச் சொல்லும் வழக்கத்தை மட்டும் நான் அடியோடு விட்டுவிட்டேன். கொல்லாம்பழம் பறித்ததையும் அயனிச்சக்கையின் கொட்டையை வறுத்துத் தின்றதையும் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை, அதையே ஒரு பக்கம் எழுது என்றவுடன் நான்கு வரியில் நிறுத்திவிடுகிறது. சொல்ல விட்டுவிடுவதே நல்லது. எழுதும் கை பழகிய பிறகு வேறொரு நாளில் அதையே எழுதக் கேட்கலாம்.

தமிழக அரசின் பாடநூல்களைத்தான் நாங்கள் அடிப்படையாகக் கொண்டிருக்கிறோம். கீழ்வகுப்புகளுக்கு அவை மூன்று பருவங்களாகப் பிரிந்து வருவதால், ஜூனில் கையில் இருப்பது மெல்லிய புத்தகம். இரண்டு வாரம் தாமதமாகத் தொடங்கினாலும் முதல் பருவத்துக்குள் முடித்துவிட முடிகிறது. பாடத்தோடு உள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் காணொளிகள் வரும். அவற்றில் சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கோடை முழுவதும் கைப்பேசியோடு இருந்த பிள்ளையை அதிலிருந்து விலக்கும் வாரங்களில் அதையே பாடத்தின் பெயரால் மீண்டும் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல் இரண்டாவது வாரத்தில்தான் எழுகிறது. முதல் வாரத்தின் புதுமை தீர்ந்ததும், “இன்னைக்கு வேண்டாம்மா” என்று தொடங்கும். அப்போது பாடத்தை விட்டுவிடாமல் அதன் நீளத்தை மட்டும் குறைக்கிறேன். பத்துக் கணக்கு ஐந்தாகலாம், வாசிப்பு ஒரு பக்கமாகலாம். ஆனால் உட்காரும் நேரமும் இடமும் மாறுவதில்லை. கணக்கு முதலா, எழுத்து முதலா என்ற தேர்வை அவளிடம் விட்டுவிடுவதும் உதவுகிறது. மூன்றாவது வாரத்திலும் கடன் வாங்கிக் கழிப்பதில் கை தடுமாறுகிறது என்றால், அதைக் கோடையின் மறதி என்று தள்ளிவிடாமல், சென்ற ஆண்டே அது சரியாகப் பதியவில்லை என்று எடுத்துக்கொண்டு, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து முதலிலிருந்தே சொல்லித்தர வேண்டும். வெறும் மறதியையும் உண்மையான குறையையும் பிரித்தறிய இந்தக் காத்திருப்பைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு மெதுவாகத் தொடங்க எங்களால் முடிவதற்கு மகளின் வயதும் ஒரு காரணம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதக் குறைந்தது பதினான்கு வயது ஆக வேண்டும். எங்களுக்கு அது தொலைவில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பொதுத்தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நடக்கின்றன. அக்டோபரில் எழுத இருக்கும் பிள்ளைக்கு ஜூன் மாதம் பாடத்தின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. அத்தகைய வீடுகளில், கோடையிலேயே கடினமான இரண்டு பாடங்களையாவது காலையில் ஒரு மணி நேரம் விடாமல் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு மட்டும் விடுமுறை கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். உறக்க நேரத்தைப் பற்றி மேலே சொன்னது அந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் போதும் என்ற ஒரு மாற்றத்தோடு.