கடைமடைத் தெருவில் கடலைக் காட்டுவது எப்படி

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச வருகிறவர்கள் பலரும் உருகும் பனிப்பாறைப் படத்தோடுதான் வருகிறார்கள். காவிரியின் கடைமடையில் அந்தப் படம் எடுபடாது. வேதாரண்யம் பக்கமோ தரங்கம்பாடி பக்கமோ போய், "போர்ல உப்பு ஏறிடுச்சு" என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கிப் பாருங்கள், தெருவே கூடும். மண்ணுக்கடியில் கடல்நீர் நன்னீருக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்க வைத்தால் மற்றதை ஊரே பேசிக்கொள்ளும். இதற்கு நாங்கள் நம்புவது இரண்டை: ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு புள்ளிக் கோலம்.

தொட்டியை மீன்தொட்டி செய்பவரிடமே சொல்லிச் செய்யலாம். நீளம் 60 செ.மீ., உயரம் 30, அகலம் 10. அகலத்தைக் கூட்டினால் எடைதான் கூடும். இரண்டு ஓரத்திலும் 10 செ.மீ. விட்டு, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டில் கொசுவலை சுற்றித் தடுப்பு வையுங்கள். இடது அறை கடல், வலது அறை ஆறு, நடுவில் மணல். கடல் அறையின் வெளிச்சுவரில் அடியிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் ஒரு துளை, 19 செ.மீ. உயரத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் ரப்பர் அடைப்பு. மணல் 24 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 15 கிலோ பிடிக்கும்.

மணல் 1 முதல் 2 மி.மீ. பருமன் இருக்கட்டும். பொடி மணலில் உப்புநீர் நகர்வதைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கூட்டம் நிற்காது. கழுவிய தண்ணீர் தெளியும் வரை மணலை அலசிவிட்டு, முதலில் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அதற்குள் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். காய்ந்த மணலில் தண்ணீரை ஊற்றினால் காற்றுக்குமிழ்கள் சிக்கிக்கொண்டு, உப்புநீர் அவற்றைச் சுற்றிக் கோணலாகப் போகும்.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கும், நன்னீரைவிட இரண்டரை சதவீதம்தான் கனம். அந்த அளவில் கரைத்தால், ஆற்றுப் பக்க நீர்மட்டத்தில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலே காட்சி கெட்டுவிடும். ஆகவே லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இது கடலைவிட உப்பானது என்பதைப் பார்ப்பவர்களிடம் மறைக்கக்கூடாது. நிறத்துக்குச் சிவப்புக் கேசரி பவுடர் போதும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலம் வேண்டாம். அது மணலிலேயே ஒட்டி நின்றுவிடும், உப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் முன்னே போய்விடும்.

ஆற்று அறைக்கு மேலே ஒரு வாளியை வைத்து, சலைன் டியூபால் தண்ணீர் விடுங்கள். அதிலிருக்கும் சக்கரத்தால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆற்று மட்டத்தை 20 செ.மீ.க்குக் கொண்டுவந்து, 18 செ.மீ. துளையைத் திறந்துவிட்டு, கடல் அறையின் அடிமட்டத்துக்கு ஒரு குழாயை இறக்கி உப்புநீரை மெதுவாக ஊற்றுங்கள். லேசான நன்னீர் மேலே ஒதுங்கித் துளை வழியாக வெளியேறிவிடும். சில நிமிடங்களில் மணலின் அடியில் சிவப்பு ஆப்புப்போல நுழைந்து, பாதி தூரம் போவதற்குள் நின்றுவிடும். ஆறு தள்ளுகிறது, கடல் தள்ளுகிறது, நடுவில் ஒரு சமாதானம்.

இனிச் சக்கரத்தை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். டியூபை இறுக்கி ஆற்று மட்டத்தை 18.5 ஆக்கினால் சிவப்பு மறு ஓரம் வரை நடந்துபோகும். திரும்ப 20 ஆக்கினால் மெல்லப் பின்வாங்கும். பிறகு கீழ்த்துளையை அடைத்து, மேல்துளையைத் திறந்து, கடலை 1 செ.மீ. மட்டும் உயர்த்துங்கள். ஆற்று மட்டத்தை 20-லேயே வைத்திருந்தாலும் சிவப்பு மறுபடி உள்ளே வரும். மணலின் நடுவே கொசுவலை சுற்றிய துளைக்குழல் ஒன்றைச் செருகி 50 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சினால், முதலில் தெளிந்த நீர் வரும், பிறகு கீழிருந்து சிவப்பு கூம்பாக எழுந்து குழலுக்குள் ஏறும். போர் போட்ட எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நிஜக் கடல்நீரின் கனத்துக்குக் கணக்கு இன்னும் கடுமை: கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் 1 அடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு எல்லை 40 அடி வரை ஏறலாம். டெல்டாவில் குறுக்கே களிமண் அடுக்குகள் கிடப்பதால் எல்லா இடத்திலும் இப்படியே நடக்காது. அதையும் சொல்லிவிடுங்கள். எல்லாப் பழியையும் கடல் மேல் போடுவதும் சரியல்ல. கடைமடைக்கு ஆற்றுநீர் வராததும், அளவுக்கு மீறி மோட்டார் ஓட்டுவதும், வயலுக்குப் பக்கத்து இறால் குட்டையும் உப்புக்குக் காரணங்கள்தான். ஆற்றையும் கடலையும் தனித்தனியே திருகிப் பார்க்க முடிவதால்தான் இந்தத் தொட்டி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடல் ஏன் உயர்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, ரப்பர் மூடியில் 3 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயைச் செருகி, வெந்நீரில் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் நீர் 5 டிகிரி சூடேறினால் குழாயில் ஏறக்குறைய 10 செ.மீ. ஏறும். மூடிக்கடியில் காற்று இருந்தால் முடிவு பொய். காற்று நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும். பூமியில் மிஞ்சும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. நிலத்துப் பனி உருகிச் சேர்வதும் இதோடு கூட, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது.

இனிக் கோலம். முந்தின நாள் வீட்டுக்கு ஒரு பாட்டில் கிணற்றுநீர் அல்லது போர்த்தண்ணீர் வாங்குங்கள், பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிய பிறகு. கிணற்றின் ஆழத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கொல்லையில் 20 அடியில் ஒரு ருசியும் 100 அடியில் வேறு ருசியும் இருக்கலாம். டிடிஎஸ் மீட்டரில் (லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகளை மில்லிகிராமில் காட்டும் கருவி) அளந்து, 500 வரை வெள்ளைப் புள்ளி, 2000 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 500 ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. சின்ன மீட்டர்கள் பல 9990-ல் நின்றுவிடும். அந்த நீர் ஒரு பங்கை ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலந்து அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

தெருவில் கிழக்கு எதுவோ கோலத்திலும் அதுவே கிழக்கு. கிணறு இருக்கும் இடத்தில்தான் புள்ளி. வரிசைப் புள்ளிக்குப் பழகிய கை அதை இழுத்து நேராக்கப் பார்க்கும், விடாதீர்கள். ஆழ்துளைக்குப் பெரிய புள்ளி, மேல்கிணற்றுக்குச் சின்னது. பிறகு ஒரே நிறப் புள்ளிகளைச் சேர்த்து வளைத்துக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். நிலத்தடிநீர் வல்லுநர் வரைபடத்தில் போடும் சம அளவுக் கோட்டின் எளிய வடிவம் அது. அரிசிமாவைக் கோழி கொத்திவிடும், கல்மாவே நல்லது. தெளித்த தண்ணீர் காயும் முன் நிறம் போட்டால் மஞ்சள் கருத்துத் தெரியும். கடற்காற்று எழுவதற்குள் படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் பெயரைப் புள்ளியருகே எழுத வேண்டாம், நிலத்தின் விலை பற்றிய பயம் நியாயமானது.

கோலத்துக்கு மார்கழி பொருத்தம்தான், ஆனால் மழை முடிந்த நேரம் என்பதால் உப்பு குறைவாகக் காட்டும். அதே கிணறுகளை மே கடைசியில், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், இன்னொரு முறை அளந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நாகைக் கடற்கரை ஊர்களில் டிசம்பர் 26 அன்று எதுவும் செய்யாதீர்கள், 2004-ல் போனவர்களுக்கான நாள் அது. சுனாமியும் இதனால்தானா என்று யாராவது கேட்டால், அது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் வந்தது, பருவநிலையால் அல்ல என்று நிதானமாகச் சொல்லுங்கள்.