பேனா மூடிய கழட்டிட்டு நின்ன ஒரு நிமிஷம்

இன்னைக்கு ஒரு ஆபீஸ்ல அதிகாரி ஒருத்தர் ஃபைல்ல கையெழுத்து போடப் போய், பேனா மூடிய கழட்டிட்டு அப்படியே ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு உக்காந்திருந்தார்.

எனக்கு ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் ஞாபகம் வந்துட்டார். அமெரிக்காவுல இல்லினாய் மாநில கவர்னர், 1893ல இருந்து 1897 வரைக்கும்.

ஜெர்மனில பொறந்து கைக்குழந்தையா கப்பலேறி வந்தவர். 16 வயசுல உள்நாட்டுப் போருக்குப் போனார். அப்புறம் வாத்தியார், வக்கீல், சிகாகோல ஜட்ஜ்.

1886 மே மாசம் சிகாகோல ஹேமார்க்கெட்ங்கிற சதுக்கத்துல நடந்த தொழிலாளர் கூட்டத்துல குண்டு வெடிச்சு போலீஸ்காரங்க செத்தாங்க, யார் வீசினதுன்னு கோர்ட்ல நிரூபிக்கவே இல்ல, ஆனாலும் அடுத்த வருஷம் தொழிலாளர் இயக்கக்காரங்க நாலு பேர தூக்குல போட்டுட்டாங்க. மிச்சம் மூணு பேர் ஜெயில்ல.

1893 ஜூன் 26. அந்த மூணு பேரையும் விடுதலை பண்ணி கையெழுத்து போட்டார்.

பாவம்னு இரக்கப்பட்டு விடுறேன்னு எழுதியிருந்தா ஊரு பேசாம இருந்திருக்கும். இவர் என்னடான்னா ஜூரிய ஆள் பாத்து பொறுக்கிட்டாங்க, ஜட்ஜ் ஒருதலைப்பட்சம், குற்றம் நிரூபிக்கப்படலன்னு பக்கம் பக்கமா எழுதிட்டார். அங்கதான் எனக்கு தொண்டை அடைக்குது.

பத்திரிகைங்க கிழிச்சுது. அடுத்த வருஷம் ரயில் தொழிலாளர்களோட புல்மேன் ஸ்டிரைக்குக்கு ஜனாதிபதி ராணுவத்த அனுப்பினப்பவும் எதிர்த்தார், அதுவும் ஒரே கட்சிக்காரர்! 1896 தேர்தல்ல தோத்தார்.

1902ல ஜோலியட்ல ஒரு கூட்டத்துல பேசிட்டு, அப்படியே சுருண்டு விழுந்து மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

கடைசிவரைக்கும் அந்தக் கையெழுத்துக்காக அவர் மன்னிப்பு கேக்கல.