கஞ்சா மொட்டின் வடிவம் மாறினால்: மூன்று செடிகள், மூன்று காரணங்கள்

பூக்கும் பருவத்தின் கடைசி வாரங்களில் கஞ்சாச் செடியின் மொட்டு விசித்திரமாக வளரத் தொடங்கினால், பார்த்தவுடன் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆண்டு என் வீட்டில் ஒரே கூடாரத்துக்குள், ஒரே மண்கலவையில், ஒரே தண்ணீரைக் குடித்து நான்கு செடிகள் வளர்ந்தன. அவற்றில் மூன்று, மூன்று விதமாக உருமாறின. காரணங்களும் மூன்று. ஒன்று வெப்பம், ஒன்று பிறவிக் குணம், ஒன்று நோய். ஒன்றை மற்றொன்றாக நினைத்திருந்தால் நல்ல செடியை வெட்டி எறிந்துவிட்டு, நோயுள்ள செடியைப் போற்றி வளர்த்திருப்பேன்.

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இங்கே 19 வயது நிறைந்தவர்கள் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு நான்கு செடிகள். விதையையோ நாற்றையோ அனுமதி பெற்ற கடையில் வாங்க வேண்டும். வயது வந்த இன்னொருவர், பூக்காத செடியாக நமக்குக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வைக்க முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் இதைத் தாவரவியலாக மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல மொட்டு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாம் மொட்டு என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. பெண் செடியில், ஒவ்வொரு பூவையும் ஒரு சிறிய பச்சைச் செதில் மூடியிருக்கும். அதன் நுனியிலிருந்து இரண்டு வெண்ணிற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தைப் பிடிப்பது அவற்றின் வேலை. இப்படி நூற்றுக்கணக்கான செதில்கள் நெருங்கி அடைந்து ஒரு மொட்டாகின்றன. முதிரும்போது இழைகள் பழுப்பாகிச் சுருள்கின்றன, செதில்கள் உப்புகின்றன, மேலே பிசின் மணிகள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்து பால்நிறமாகின்றன. வளர்ச்சி நிற்கிறது. இந்த ஒழுங்கு எங்கே குலைகிறது என்று பார்ப்பதுதான் கண்டுபிடிப்பின் ஆரம்பம்.

கூடாரம் எங்கள் மேல்மாடி அறையில் இருக்கிறது. ஜூலையில் வெப்ப அலை வந்த வாரம், விளக்குக்கு மிக அருகில் இருந்த செடியின் உச்சி மொட்டில் புதிதாக ஏதோ கிளம்பியது. மொட்டு தடிப்பதற்குப் பதிலாக, அதன் தோளிலிருந்து செதில் மேல் செதிலாக அடுக்கி மெல்லிய கதிர்கள் எழுந்தன. தினைக்கதிரைச் செடியில் செருகி வைத்ததைப் போன்ற தோற்றம். இங்கே வளர்ப்பவர்கள் இதை ஃபாக்ஸ்டெயில் என்கிறார்கள்.

தோட்டப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் படத்தைக் காட்டியதும் கால்சியம் குறைபாடு என்றார்கள். விலை உயர்ந்த ஒரு புட்டியையும் எடுத்து வைத்தார்கள். நான் வாங்கவில்லை. கால்சியம் குறைந்தால் இளம் இலைகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் விழும், நுனி கருகும். என் செடியின் இலைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. செடியை ஏறெடுத்தும் பார்க்காமல் புட்டியை நீட்டும் இந்த வழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. புதிதாக வளர்ப்பவர்கள் பதற்றத்தில் வாங்கி ஊற்றி, உப்பு மிகுந்து வேரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்டாரியோவின் லீமிங்டன் ஊரில் பசுமைக்குடில் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் பேசினேன். அந்த ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்ணாடிக் குடில்கள்தான். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாயோடு இப்போது கஞ்சாவும் வளர்கிறது. அவர் படத்தைக் கேட்கவில்லை. “அண்ணா, கதிர் செடி முழுவதும் இருக்கிறதா, உச்சியில் மட்டும் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்” என்றார். இத்தனை வருடத் தோட்ட வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்வி அது.

பார்த்தேன். உச்சியில் மட்டும்தான். கீழ்க்கிளைகளில் மொட்டுகள் உருண்டையாக, இறுக்கமாக இருந்தன. தொடாமல் வெப்பம் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை உச்சி மொட்டின் பக்கம் நீட்டினால் 33 பாகை காட்டியது, கீழ்க்கிளையில் 26. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியால் கதிர் ஒன்றைப் பார்த்தேன். அடியில் இருந்த பழைய செதில்களில் இழைகள் பழுப்பாகிச் சுருண்டுவிட்டன, பிசின் மணிகள் பால்நிறத்துக்கு வந்திருந்தன. அதே மொட்டில் ஒரு விரற்கடை மேலே புத்தம் புதிய வெள்ளை இழைகள், தண்ணீர்த் துளி போன்ற மணிகள். முதிர்ந்து முடிந்த மொட்டின் மேல் செடி மறுபடி பூக்கத் தொடங்கியிருந்தது. 30 பாகைக்கு மேல் நீடிக்கும் வெப்பமும், மிக அருகில் இருந்து விழும் கடும் வெளிச்சமும் இதைத் தூண்டும் என்பது வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்தது.

விளக்கை உயர்த்தி, அதன் செறிவைக் குறைத்தேன். காற்றை வெளியே இழுக்கும் விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். எழுந்த கதிர்கள் திரும்ப உள்ளே போகவில்லை, போகவும் மாட்டா. ஆனால் புதிய கதிர்கள் எழுவது நின்றது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவடைக்கு நாள் பார்ப்பவர்கள் வெள்ளை இழைகளைக் கண்டு ‘இன்னும் முதிரவில்லை’ என்று காத்திருப்பார்கள்; கதிர் மேலும் நீளும், அடியிலுள்ள நல்ல மொட்டு முற்றிப் போகும். ஆகவே கதிரை விட்டுவிட்டு, மொட்டின் அடிப்பகுதியைப் பார்த்து நாள் குறியுங்கள்.

இரண்டாவது செடியிலும் கதிர்கள். ஆனால் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு அதன் பதில் வேறு: உச்சி, நடு, அடி என்று எல்லா இடத்திலும் ஒரே சீராக, பூக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே. விதைப் பொட்டலத்தைப் பார்த்தால் தாய்லாந்து வழி வந்த வகை. நிலநடுக்கோட்டுக்கு அருகில், பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் மண்ணில் உருவான செடிகள் நிதானமாக, நீண்ட காலம் பூக்கும். இறுகிய உருண்டையாக அடையாமல், இடைவெளி விட்டுக் கதிராக நீள்வது அவற்றின் இயல்பு. ஈரக்காற்றில் அது செடிக்கு நல்லதும்கூட. இறுகிய மொட்டுக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சை உள்ளிருந்து அழுகவைக்கும். ஒன்டாரியோவின் இலையுதிர்கால மழையில் வெளியே வளர்ப்பவர்கள் படும் பெரும்பாடு அது. காற்றோட்டமான கதிருக்கு அந்தத் தொல்லை குறைவு. இந்தச் செடியை நான் தொடவே இல்லை. மிக அழகான செடி.

மூன்றாவதுதான் என்னை உறங்கவிடவில்லை. நண்பர் ஒருவர் தந்த போத்திலிருந்து, அதாவது தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட கிளைத்துண்டிலிருந்து, வளர்ந்தது. இலைப் பருவத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூக்கத் தொடங்கிய பிறகு மற்ற செடிகளின் மொட்டுகள் தடித்தபோது, இதில் மட்டும் சிறுத்து, தளர்ந்து, ஒழுங்கில்லாமல் நின்றன. கிளைகள் மேல்நோக்கிப் போகாமல் படுக்கையாக விரிந்தன. ஒரு கிளையை மெதுவாக வளைத்தேன். குச்சி போலப் படக்கென்று முறிந்தது. உருப்பெருக்கியில் பிசின் மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

இங்கே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் போதாவிட்டால் மொட்டு தளரும். ஆனால் அது கீழ்க்கிளைகளில்தான் நடக்கும், இதில் உச்சியும் அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகைகள் இளந்தளிரை முறுக்கி, மினுமினுப்பாக்கிவிடும். இலையின் அடிப்புறத்தையும் காம்பையும் பொறுமையாகத் தேடியும் ஒன்றும் இல்லை. இரவில் வெளிச்சம் புகுந்தால் செடி பூப்பதை விட்டு இலைவிடத் திரும்பும். மொட்டுக்குள்ளிருந்து பல் இல்லாத ஒற்றை இலைகள் எட்டிப் பார்க்கும். தெருவிளக்கு அருகே வெளியில் வளர்ப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. மகரந்தம் பட்டிருந்தால் செதில்கள் தனித்தனியாக உப்பி, உள்ளே விதை இருக்கும். பிரித்துப் பார்த்தேன், காலி. வளர்நுனி புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டு தண்டு பட்டையாகும் கோளாறும் உண்டு. நம் வீட்டு வாசலில் பூக்கும் கோழிக்கொண்டைப் பூவின் வடிவம் அந்தக் கோளாறு பரம்பரையாக நிலைத்துப்போனதால் வந்ததுதான். என் செடியின் தண்டோ உருண்டையாகவே இருந்தது.

மிஞ்சியது ஹாப் லேட்டன்ட் வைராய்டு. பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப் கொடியும் கஞ்சாவும் ஒரே குடும்பம். அந்தக் கொடியில் நெடுநாளாக அறியப்பட்டிருந்த இந்தத் தொற்று கலிஃபோர்னியாவின் கஞ்சாச் செடிகளில் இருப்பதை 2019இல் உறுதிசெய்தார்கள். வைரஸுக்காவது புரத உறை உண்டு. வைராய்டு என்பது வெறும் வட்ட ஆர்.என்.ஏ. இது 256 எழுத்துகள் மட்டுமே கொண்டது. பிலிப்பைன்ஸில் தென்னைகளை அழித்த கடாங்-கடாங் நோயும் ஒரு வைராய்டால் வருவதுதான். தொற்றிய செடி பூக்கும்வரை நலமாக இருப்பதாகவே தோன்றலாம் என்பதுதான் இதில் கொடுமை. அதற்குள் அதிலிருந்து போத்து எடுத்துப் பலருக்கும் கொடுத்திருப்பார்கள். வெட்டிய கத்தரியே நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோயிருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய பி.சி.ஆர். போன்ற ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சிறு குழாயில் வேர்த்துண்டைப் போட்டு அனுப்பினேன். இலையை அனுப்பினால் தொற்று இருந்தும் இல்லை என்று வர வாய்ப்புண்டு, வேர் நம்பகமானது. மற்ற மூன்றின் வேரையும் சேர்த்தே அனுப்பினேன். போத்துச் செடியில் தொற்று உறுதியானது; மற்ற மூன்றிலும் இல்லை.

வைராய்டுக்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்து இரட்டைப் பையில் கட்டி அகற்றினேன். மண்ணையும் தொட்டியையும் சேர்த்தே அகற்றினேன். கத்தரியை ஆல்கஹாலால் துடைப்பது இதற்குப் போதாது. பத்தில் ஒரு பங்கு ப்ளீச் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினேன். இப்போது ஒவ்வொரு செடிக்கும் ஒரு கத்தரி என்று பிரித்து, கைப்பிடியில் நிறநாடா சுற்றி வைத்திருக்கிறேன். இனிமேல் சோதனை முடிவு இல்லாத போத்து எதுவும் என் கூடாரத்துக்குள் வராது. விதையிலும் தொற்று வரக்கூடும், ஆனாலும் போத்தைவிட ஆபத்து குறைவு.

போத்து தந்த நண்பரிடம் அன்றே தெரிவித்தேன். அவர் மனம் உடைந்துபோனார். அந்தத் தாய்ச்செடியை அவர் வருடக்கணக்காகக் காப்பாற்றி வருகிறார். அதன் வேர்த்துண்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை யாருக்கும் போத்து கொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.