ஒன்றரை அங்குலம்

"டாக், அந்தப் பையன் கை கொஞ்சம் இறங்கின மாதிரி தெரியுது. உன் எண்ணுல ஏதாவது இருக்கா?"

பிட்ச்சிங் கோச் கேட்டது இவ்வளவுதான். 2024 மார்ச், அரிசோனா, சீசனுக்கு முன் எங்கள் பேஸ்பால் அணி நடத்தும் பயிற்சி முகாம். அவர் பந்து வீசுகிற பிட்ச்சர்களைப் பழக்குபவர், நான் அவர்களின் எண்களைப் பார்ப்பவன். நான் முனைவர் பட்டம் வாங்கியவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் டாக். என் பெயரை உச்சரிக்கும் தொல்லை அதோடு அவரை விட்டது. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "ஒண்ணும் இல்ல" என்றேன். வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் என்ன பார்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பந்து அவன் விரலை விட்டுக் கிளம்பும் உயரம் போன வருஷத்தைவிட ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. வேகம் குறையவில்லை, மணிக்கு அரை மைல் கூடியிருந்தது. மூன்றே ஆட்டம், நூற்றுச் சொச்சம் பந்து. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ பார்க்கிற அதே ஹாக்-ஐ கேமராக்கள்தான் இங்கேயும். ஆனால் ஒரு மைதானத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையிலேயே அந்த அளவு வித்தியாசம் வரும் என்று நான் ஒரு வரம்பு வைத்திருந்தேன். ஒன்றரை அங்குலம் அதற்குள் அடங்கியது. ஆக, நான் சொன்னது பொய் இல்லை.

இதை நான் எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை.

ஜனவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் நடக்கிற கூட்டம், வருஷா வருஷம் கேட்கிற கேள்வி: வரப்போகிற சீசனுக்கு நமக்கு என்ன வேண்டும்? அந்தக் குளிர்காலத்தில் எல்லார் வாயிலும் அரிசோனா டயமண்ட்பேக்ஸ்தான். 2021-ல் 110 ஆட்டம் தோற்ற அணி, 2023-ல் வெறும் 84 ஜெயித்துவிட்டு உலகத் தொடர் என்கிற இறுதிச் சுற்று வரை போனது. அங்கே அவர்களை வென்ற டெக்சாஸ் ரேஞ்சர்ஸும் 2021-ல் 102 தோற்றவர்கள். எல்லாரையும்விட அதிகச் சம்பளம் கொடுத்த நியூயார்க் மெட்ஸ் அதே 2023-ல் 75 வெற்றியோடு நின்றுவிட்டது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு யார் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். நிரூபித்தார்கள். ஒருவர் அடிக்கிற ஆள் வேண்டும் என்றார். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கிற பழைய ஸ்கவுட் ஒருவர், சின்னப் பையன்களை அதட்டுவதற்கு முப்பத்தைந்து வயதில் ஒரு கேட்சர், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி பந்தைப் பிடிக்கிறவர், வேண்டும் என்றார்.

நான் கேட்டது ஆறாவது, ஏழாவது ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுகிற பிட்ச்சர். ஐந்து பேர் முறை வைத்து வீசுவது காகிதத்தில்தான். 162 ஆட்டத்தையும் அந்த ஐந்து பேரை மட்டும் வைத்து ஓட்டுகிற அணி அபூர்வம். கிரிக்கெட் வேகப்பந்துக்காரர்களுக்கு முதுகு போவதுபோல இவர்களுக்கு முழங்கை போகும், தோள் போகும். எங்கள் தொழிலில் ஒரு நாட்டுக்கணக்கு உண்டு: சீசன் முழுக்கப் பத்து ரன் மிச்சம் பிடித்தால் ஒரு வெற்றி. அந்தக் கணக்கில், பெரிய பெயர் ஒன்றை வாங்குவதைவிட ஆறாவது ஆள் மலிவு. படம் போட்டுக் காட்டினேன். எடுபட்டது. இரண்டு பேரை எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கை போகும் என்று ஜனவரியில் படம் போட்டவன், மார்ச்சில் ஒரு கையைக் காட்டிக் கேட்டபோது ஒன்றும் இல்லை என்றேன். இதுதான் உறுத்துகிறது. யாரோ ஒருவன் கை போகும் என்பதை ஏற்கெனவே செலவில் எழுதியாகிவிட்டது. யார் கை என்று அதில் எழுதவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் வேறு அணிகளின் பெரிய பிட்ச்சர்களான ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், ஷேன் பீபர் இருவரின் முழங்கையும் அடுத்தடுத்துப் போன செய்தி வந்தது. ரன்னுக்காக ஓடுகிற ஆள் பேஸில் நிற்கும்போது பந்து வீச இருந்த 20 விநாடியை அந்த வருஷம் 18 ஆக்கியதுதான் காரணம் என்று ஆட்டக்காரர் சங்கம் சொன்னது. இல்லை என்றது லீக். நான் இரண்டையும் ஆவலாகப் படித்தேன். மே மாதம் எங்கள் பையன் நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்தை வீசிவிட்டுக் கையை உதறினான். முழங்கைத் தசைநார் கிழிசல். அதைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, ஒரு வருஷத்துக்கு மேல் ஓய்வு. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப்பிடம் முதன்முதலில் அதைச் செய்துகொண்ட பிட்ச்சர் டாமி ஜான் 1989 வரை வீசினார் என்பதை யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லாருக்கும் சொல்வார்கள்.

அன்று மாலை மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி: நல்லவேளை, ஆறாவது ஆள் இருக்கிறான், உன் யோசனைதான். நன்றி என்று பதில் போட்டேன்.

டிசம்பரில் பிட்ச்சர்களின் காயங்களைப் பற்றி லீக் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. 2008-ல் மணிக்கு 91 மைல் சொச்சமாக இருந்த சராசரி வேகப்பந்து 2024-ல் 94-ஐத் தாண்டிவிட்டது, வேகத்தைத் துரத்துவதுதான் கைகளை உடைக்கிறது என்றது. முகாம் நாட்களில் காயங்கள் கூடுவதையும் சொல்லியிருந்தது. தேர்வு முடிவில் தன் நம்பரைத் தேடுகிறவன்போல அதைப் புரட்டினேன். அந்த அரை மைலை மார்ச்சில் நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் கோச்சிடம் நான் பேசியது ஆங்கிலத்தில். இப்போது தமிழில் எழுதும்போதுதான் இது கண்ணில் படுகிறது. எனக்கு இரண்டு பதில்கள் இருந்தன: ஒன்றும் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. என் எண்கள் சொன்னது இரண்டாவது. நான் சொன்னது முதலாவது. அவர் இருபது வருஷம் கைகளைப் பார்த்துப் பழகிய கண்ணால் ஏதோ பார்த்துவிட்டு, அதை நம்பலாமா என்று என்னிடம் வந்தார். நம்பாதே என்று அனுப்பிவிட்டேன்.

சரி, தெரியவில்லை என்றே சொல்லியிருந்தால்? இரண்டு வாரம் உட்கார வைத்திருப்பார்கள். ஸ்கேனில் ஏதாவது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். ஆனால் அவன் முதல் தடவையாக அணிக்குள் வருகிற நிலையில் இருந்தான். அந்த இரண்டு வாரம் போயிருந்தால், மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கிற ட்ரிபிள் ஏ-வுக்குத்தான் போயிருப்பான். 2024-ல் மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 7,40,000 டாலர். ட்ரிபிள் ஏ-வில் கிடைப்பது கிட்டத்தட்ட அதில் இருபதில் ஒரு பங்கு. மேஜர் லீக்கில் இருக்கும்போது கை போனதால், காயப் பட்டியலில் இருந்தபடியே முழுச் சம்பளம் வாங்கினான். கீழே போயிருந்து அங்கே அதே கை போயிருந்தால்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் அது எனக்கே அசிங்கமாக இருந்தது. அதற்காகக் கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் கணித்ததைவிட நான்கு ஆட்டம் கூடுதலாகவே ஜெயித்தோம். அவன் இடத்தில் வந்த ஆறாவது ஆள் நன்றாக வீசினான். சீசனுக்கு என்ன வேண்டும் என்று ஜனவரியில் நான் சொன்னது சரிதான்.

சீசன் முடிந்ததும் கோச்சிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். மார்ச்சில் என்னிடம் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டீர்களே என்றேன். யோசித்தார். "கேட்டேனா? இருக்கும்" என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது.

அடுத்த வருஷ முகாமிலிருந்து வரம்பைத் தூக்கிவிட்டேன். எந்தக் கை எவ்வளவு இறங்கினாலும் ஏறினாலும் தினமும் காலையில் அவருக்குப் பட்டியல் போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதும் இருக்கும். முதல் வாரம் உட்கார்ந்து படித்தார். இரண்டாவது வாரம், பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்த தாளை மடித்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"டாக், இதெல்லாம் சரி. இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."




"தெரியல" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்கவுட்டைத் தேடிக்கொண்டு போனார்.